இரண்டு இரவு ரயில்களுக்கு நடுவே

அன்புள்ள ரீச்சருக்கு,

வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவள். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடங்கள் முடிந்துவிட்டன. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வேறு மூன்று பிள்ளைகளுடன் தங்கியிருக்கிறேன். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் இரவு ரயிலில் ஊருக்கு வந்து, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவேன். மற்ற இரண்டு வார இறுதிகளும் உடுப்புத் தோய்ப்பதிலும் நித்திரையிலும் கைபேசியிலும் போய்விடுகின்றன. "இறங்கினதும் நேரே அறைக்குப் போ, கண்ட இடமெல்லாம் திரியாதே" என்று அம்மா இன்றைக்கும் சொல்லித்தான் அனுப்புகிறார். போன மாதம் அலுவலகத்தில் ஒருவர், கொழும்பில் பிடித்த இடம் எது என்று கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் கோணேசர் கோயிலைப் பற்றியும் நமது கடற்கரைகளைப் பற்றியும் எழுதுகிறீர்கள். பதினொரு வருடம் வாழ்ந்த கொழும்பைப் பற்றி எழுதியதே இல்லை. என்னைப் போன்ற ஒருத்தி அந்த நகரத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு நாளில் பார்க்கக்கூடிய இடங்களைச் சொன்னாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது என்னுடைய முதல் மூன்று வருடங்களுக்கும் அப்படியே பொருந்தும். சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்று இருட்டில் ஒவ்வொரு நிலையமாகக் கழிந்து, கல்ஓயாச் சந்தியில் பெட்டிகள் இழுபடும் சத்தத்தில் ஒரு முறை விழித்து, விடியுமுன் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, காலி வீதியால் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து அறைக்கு வந்து சேர்ந்தால், அதன்பிறகு அடுத்த ரயில் எப்போது என்பது மட்டுமே என் மனதில் இருக்கும். கொழும்பு எனக்கு ஒரு நீண்ட தங்கல் மடமாகத்தான் இருந்தது.

முதலில் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதை வெறும் பழைய காலத்துப் பயம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. நான் 1993இல் கொழும்புக்குப் போனேன். வடக்குக் கிழக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்து கொள்ள வேண்டிய காலம் அது. அடையாள அட்டையில் பிறந்த இடம் திருகோணமலை என்று இருப்பதைச் சோதனைச் சாவடியில் நிற்பவர் விரலால் தொட்டு வாசிக்கும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். குண்டு வெடித்த செய்தி வந்தால் பஸ்ஸில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுவோம். அந்தக் காலத்தில் "நேரே அறைக்குப் போ" என்பது ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த புத்தி. அது உயிர் காத்த சொல். அந்தச் சொல் இன்னும் உங்கள் அம்மாவின் வாயில் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அது காத்த காலம் போய்விட்டது என்பதையும், அந்தச் சொல்லுக்குள்ளேயே நீங்கள் உங்கள் இருபதுகளைக் கழித்துவிடக் கூடாது என்பதையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனவர் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த ஒரு சிங்களப் பெண்மணி. ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், "வாரும், உமது பாஷையில் ஒரு கல் இருக்கிறது, நீர் வாசித்துக் காட்ட வேண்டும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துப் போனார். 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை நான் அதுவரை பஸ் ஜன்னலால்கூடக் கவனித்ததில்லை.

அவர் காட்டிய கல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்தியது. அதிலுள்ள திகதி 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மேல் முகம் குப்புறக் கவிழ்த்து மூடியாகப் போடப்பட்டிருந்த நிலையில் கண்டெடுத்திருக்கிறார்கள். ஓர் ஆளின் தோளளவு உயரமும் ஒரு கதவின் அகலமும் இருக்கும். உச்சி வளைவில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே நிற்கும். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், அதாவது தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கும், பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளை எண்ணி எண்ணிப் பதிந்திருக்கிறார்கள். நேரே நின்று பார்த்தால் கல் வெறுமையாகத்தான் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சரிவாக விழும்படி நின்றால் ஒவ்வொரு எழுத்தாக மேலெழும். முதலில் ஒரு 'ன', பிறகு ஒரு 'ர'. அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அந்தப் பெண்மணி பொறுமையாக நின்றார். பாடசாலையில் தமிழில் முதற்பரிசு வாங்கிய நான், அறுநூறு வருடம் முந்திய தமிழைக் கண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பதிவு, சாவடி, அடையாள அட்டை என்று என்னை அந்நியளாகவே நடத்திய நகரத்தின் நடுவில், என் மொழி கல்லில் இருந்தது.

அந்தக் கல் பேசும் தெய்வேந்திரமுனைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். நமது கோணேசர் கோயிலை 1620களில் இடித்தார்கள். இந்த இரண்டையும் அதுவரை நான் ஒரே நினைவில் வைத்துப் பார்த்ததே இல்லை. அடுத்த முறை ஊருக்கு வந்து கோயிலுக்குப் போகும்போது, திருகோணமலைக் கோட்டை வாசலில் இறங்கி நின்றேன். அந்த வாசல் கல்லில் இரட்டைக் கயலும், "முன்னே குளக்கோட்டன்" என்று, கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னனின் பெயரோடு தொடங்கும் தமிழ் வரியும் வெட்டப்பட்டிருக்கின்றன அல்லவா? சிறு வயதிலிருந்து நூறு தரமாவது அந்த வாசலால் போயிருப்பேன். மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுப்பதற்காகத்தான் அங்கே நின்றிருக்கிறேன், கல்லைப் பார்க்க நின்றதில்லை. கொழும்பு நூதனசாலையில் பழகிய கண்தான் எனக்கு என் ஊரின் வாசலைக் காட்டியது. ஆகவே கோணேசர் கோயிலைப் பற்றி நான் எழுதியதெல்லாம் ஒருவகையில் கொழும்பைப் பற்றி எழுதியதும்தான்.

ஒரு நாளில் பார்க்கும் இடங்களின் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். தர மனமில்லை, மன்னியுங்கள். தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல், கங்காராமை என்று ஓட்டோவில் ஏறி இறங்கிப் படம் எடுத்து வருவது சுற்றுலா வந்தவர்களுக்குச் சரி. நீங்கள் அங்கே வாடகை கொடுத்து வாழ்கிறீர்கள். வாழ்பவர் ஒரு சிறிய வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே காவலாளிக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் முகம் தெரியும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வட்டாரம் நூதனசாலையைச் சுற்றியதுதான். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி உள்பக்கமாக நடந்தால், நிழல் மரங்கள் நிறைந்த ஆனந்த குமாரசுவாமி மாவத்தை வரும். அந்தப் பெயரை ஒரு கணம் நின்று வாசியுங்கள். கொழும்பில் தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்து, கீழைத்தேயக் கலையை உலகத்துக்கு விளக்கியவர் அவர்; நூதனசாலை திறந்த அதே 1877இல்தான் பிறந்தார். வருடத் தொடக்கத்தில் அந்த வீதியோரத்தில்தான் கலா பொல என்ற ஓவியச் சந்தை நடக்கும். 1993இலிருந்து நடக்கிறது. ஓவியர்கள் தங்கள் படங்களை மரங்களின் கீழே சாய்த்துவைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். வாங்கப் பணம் இல்லாவிட்டாலும், இந்த நிறத்தை எப்படிக் கலந்தீர்கள் என்று வரைந்தவரிடமே கேட்கலாம். நான் முதல் தடவை கேட்டபோது எனக்குக் குரல் நடுங்கியது. அவர் அரை மணித்தியாலம் பேசினார். வீதிக்குப் பக்கத்தில் விகாரமகாதேவிப் பூங்கா, அதற்கருகே பொது நூலகம். நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. காலையில் நூதனசாலையில் ஒரே ஒரு கூடம், பகலில் பூங்காவில் கட்டிக்கொண்டுவந்த சோறு, பின்னேரம் நூலகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்குக் கொடுத்தால் போதும். நூதனசாலையை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகளுக்கென்று தனியாக ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையிலேயே, உங்கள் அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது. அதன் நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். நூல் வெளியீடு, கருத்தரங்கு, நாடகம் என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். தனியாகப் போய்ப் பின்வரிசையில் உட்காரும் பெண்ணை அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அங்கேதான் முதலில் சிநேகிதிகள் கிடைத்தார்கள்.

அதிகம் செலவில்லாத ஒன்று: கோட்டையிலிருந்து கல்கிசைப் பக்கம் போகும் கரையோர ரயில். வேலை விட்டு வரும்போது ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு அதில் ஏறிக் கடல் பக்க ஜன்னலருகே நில்லுங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கற்கள் மட்டுமே இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அலை அந்தக் கற்களில் மோதி, உப்புத் துளி கம்பியைப் பிடித்திருக்கும் கையில் விழும். நமது கடல் கிழக்கே. சூரியன் அதிலிருந்து எழும். கொழும்பில் அது கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். டச்சுக்குடாவில் வளர்ந்த எனக்கு, கடலுக்குள் சூரியன் இறங்குவது என்பது இருபத்தைந்து வயதில்தான் காணக் கிடைத்தது.

அம்மா விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். அவருக்குப் பொய் சொல்லிவிட்டுத் திரியாதீர்கள். அதைவிட, வரும் ஆடியில் அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போங்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து ஆடிவேல் ரதம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வரும்போது காலி வீதி ஓரத்தில் அவருடன் நில்லுங்கள். எல்லா மொழிக்காரரும் அங்கே கும்பிட்டபடி நிற்பார்கள். மறுநாள் காலையில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டியதை மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுவதும் கருங்கல்லிலேயே திருப்பிக் கட்டுவித்தார். வெளியே துறைமுகத்துப் பாரவண்டிகளின் இரைச்சல். உள்ளே காலை வைத்ததும் அந்தக் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். அம்மாவைத் தூணருகே சிறிது நேரம் உட்காரவிடுங்கள். நீங்கள் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுப்பதையும், சிங்களத்தில் வழி கேட்பதையும், எந்தச் சந்தியில் இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழும்பி நிற்பதையும் அவர் தன் கண்ணால் காணட்டும். என் அம்மாவை நான் அப்படிக் கூட்டிப்போகவில்லை. பதினொரு வருடமும் அவர் நான் போய்ச் சேர்ந்துவிட்டேனா என்ற செய்திக்காக மட்டுமே காத்திருந்தார். நான் எங்கே வாழ்ந்தேன் என்பதைக் காணாமலே போய்விட்டார். அந்தக் குறை எனக்கு ஆறவில்லை.

நூதனசாலைக்குப் போகும் நாளில் வெயில் இருந்தால் நல்லது. கல்லின் முன்னால் சிறிது நேரம் நின்று, பிறகு பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து பாருங்கள். எத்தனை எழுத்து வாசிக்க முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். இப்போது நான் ஒரு வரிக்குமேல் வாசிப்பேன். அடுத்து நீங்கள் ஊருக்கு வரும் சனிக்கிழமை, கோட்டை வாசலில் சந்திப்போம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து உங்கள் ரீச்சர்