காற்றுப் பெட்டியைக் கழற்றினால் பிக்கப் கூடுமா?

கேள்வி: பாம்பன் தென்கடல் பக்கம் பைபர் படகு ஓட்டுகிறேன். 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். மெதுவாக ஓடும்போது கைப்பிடியைச் சட்டென்று திருப்பினால் எஞ்சின் ஒரு கணம் அமுங்கி, திணறி, அப்புறம்தான் தூக்குகிறது. வெளிநாட்டில் பனியில் ஓடும் ஸ்னோமொபைலில் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு பில்டர் மாட்டும் வீடியோ பார்த்தேன். திருப்பிய உடனே சீறுகிறது. அதுவும் 2 ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டிதான். என் எஞ்சினிலும் கார்புரேட்டர் வாயில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள். உங்கள் எஞ்சினுக்குக் காற்று போதாமல் இல்லை. நீங்கள் சொல்லும் திணறலைப் பார்த்தால், திருப்பும் அந்த நொடியில் வரும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வரவில்லை என்றே படுகிறது. அந்த நிலையில் இன்னும் காற்றைத் திறந்துவிட்டால் திணறல் கூடும். பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும்.

வீடியோவில் இருப்பது பொய்யில்லை, ஆனால் அது வேறு ஊர்க் காற்று. மைனஸ் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.39 கிலோ. நம் கரையில் 32 டிகிரியில் அதுவே சுமார் 1.15 கிலோதான். அங்கே தரையெல்லாம் பனி, தூசி கிடையாது. அதனால் பல ஸ்னோமொபைல்களில் பில்டரே இருக்காது, பெட்டியும் ஒரு வலையும் மட்டும் இருக்கும். எஞ்சினும் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும். உங்கள் வகை அவுட்போர்டு பெரும்பாலும் 4,500 முதல் 5,500 சுற்றுக்குள் ஓடும்படி செய்யப்பட்டது; அந்தச் சுற்றுக்கு வேண்டிய காற்றை அந்தப் பெட்டி தாராளமாக விடும். இன்னொரு விஷயம், பெட்டியைக் கழற்றுகிறவர்கள் கூடவே மெயின் ஜெட்டை (வேகமாக ஓடும்போது பெட்ரோல் வரும் துளை) பெரிதாக்கிப் பெட்ரோலையும் கூட்டுவார்கள். அதைச் செய்யாமல் விட்டால் அங்கேயும் பிஸ்டன் உருகும்.

உங்கள் பெட்டி வெறும் சத்தம் அடக்கி மட்டுமல்ல. ரீட் வால்வு (கலவையை எஞ்சினுக்குள் மட்டும் விடும் மெல்லிய இதழ்கள்) மூடும்போது கார்புரேட்டர் வாய் வழியாகப் பின்னால் துப்பும் பெட்ரோல் புகையைப் பிடித்து மறுபடி உள்ளே அனுப்புகிறது. எஞ்சின் மூடியின் காற்று வாய் வழியாக வரும் உப்புத் தண்ணீர்த் துளி நேராகக் கார்புரேட்டருக்குள் போகாமல் தடுக்கிறது. சோழகம் என்னும் தென்காற்றில் அலையைக் குத்திக்கொண்டு போகும் படகில் இதைக் கழற்றினால், சில நாளிலேயே கார்புரேட்டர் வாயில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பில்டருக்குப் பதில் ஸ்பாஞ்ச் வைப்பதும் கூடாது. ஈரம் குடித்து ஊறினால் அதுவே மூச்சை அடைத்துவிடும்.

சரி, திணறல் எதனால்? ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கடலில் இரண்டு சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒன்று, திணறும் அந்த நொடியில் சோக்கைக் கால் பங்கு இழுத்துப் பாருங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இன்னும் மோசமாகிக் கரும்புகை விட்டால் பெட்ரோல் அதிகம். இரண்டு, திருப்பும்போது மற்றொருவர் பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கட்டும். அப்போது சரியாகத் தூக்கினால் கார்புரேட்டரைப் பிரிக்கவே வேண்டாம். டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள குழாய், இணைப்பு, பம்ப் டயாபிராம், டேங்க் மூடியின் காற்றுத் துளை இவற்றில்தான் குறை. மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்துவிட்டு எஞ்சினைக் குறை சொல்வதும் உண்டு. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

சோக் இழுத்தால் சரியாகிறது, பல்பால் சரியாகவில்லை என்றால் கார்புரேட்டரின் மெதுவோட்டப் பாதை அடைத்திருக்கிறது. இந்தக் கரையில் இதற்கு இரண்டு காரணம். ஒன்று உப்பு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இப்போதைய பெட்ரோல்.

பம்புகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் எரிபொருளின் எடையில் ஏறத்தாழ 7 சதவீதம் ஆக்சிஜன். எத்தனால் கலக்காத பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இதற்கு சுமார் 13.5 கிலோ போதும். அதாவது பழைய ஜெட்டில், பழைய அளவிலேயே எரிபொருள் போனாலும் கலவை 8 சதவீதம் போல வற்றலாகிவிடுகிறது, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடுகிறது. பெட்டியைக் கழற்றாமலேயே காற்றைக் கூட்டிய கதைதான் இது. பெட்டியையும் கழற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்கரையில் பாதி காலியான கேன் வெயிலிலும் பனியிலும் கிடந்தால் உள்ளே ஈரம் சேரும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகி அடியில் இறங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவது அடியில் இருந்துதானே. அந்த அடித்தண்ணீரில் 2டி ஆயில் சரியாகக் கலப்பதில்லை. சோதிக்க, டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் பாட்டிலின் அடியில் தனியாக ஒரு விளிம்பு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகாது. இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், கேனை நிறைத்து வையுங்கள், குழாயில் தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்று போடுங்கள். கூம்பு பில்டருக்குச் செலவழிக்க நினைத்த காசு இதற்குப் போகட்டும்.

இனி கார்புரேட்டர். பெட்ரோல் குழாயைக் கழற்றி, பிளக் வயர்களையும் எடுத்துவிட்டு, பெட்டியைத் தற்காலிகமாகக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தைத் திறந்து அப்படியே ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் பாதரசம் போல உருண்டு தனியாக நிற்கும். வெள்ளைத் தூள் இருந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது. பச்சையாகப் பிசின் போல இருந்தால் பித்தளை அரித்ததும் காய்ந்த பெட்ரோலும் சேர்ந்தது. மிதவையையும் ஊசியையும் எடுங்கள். ஊசியின் கூம்பு நுனியில் நகத்தில் தட்டுப்படும் வளையம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் ஊசி, இரும்புக் கம்பி எதையும் குத்தாதீர்கள். ஒரு கீறல் போதும், அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கால் மணி நேரம் ஊற வைத்து, அழுத்தக் காற்றால் ஊதுங்கள். அசையாவிட்டால் மின் வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை, அவ்வளவுதான்.

ஜெட்டைச் சுத்தம் செய்தும் திணறல் போகவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு இடத்தை விட்டுவிடுகிறார்கள். திராட்டில் தகட்டின் (கைப்பிடியைத் திருப்பினால் திறந்து காற்றை விடும் தகடு) விளிம்பை ஒட்டி, கார்புரேட்டர் குழலின் சுவரில் பொடிப் பொடியாக இரண்டு மூன்று துளை வரிசையாக இருக்கும். கைப்பிடியைத் திருப்பத் தொடங்கும் அந்த நொடியில், மெயின் ஜெட் வேலை தொடங்கும் முன், பெட்ரோலைத் தருவது இந்தத் துளைகள்தான். உங்கள் குறை சரியாக இந்த இடத்தில்தான். மிக்ஸர் திருகை (மெதுவோட்டத்தில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கழற்றி அந்தப் பாதையில் கிளீனரை அடித்தால் எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி பீச்ச வேண்டும். ஒன்று சொட்டினாலும் வேலை முடியவில்லை.

திரும்பப் பூட்டும்போது கேஸ்கெட் புதிது. கார்புரேட்டர் அடியில் காற்று கசிந்தாலும் இதே திணறல் வரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி 2டி ஆயிலை விரலால் தடவுங்கள். சுற்று மாறினால் அங்கே கசிவு. மேலே சுழலும் ஃபிளைவீல் சக்கரத்திடம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸர் திருகை மெதுவாக, முட்டும் வரை உள்ளே விட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு வெளியே எடுங்கள்; பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் இருக்கும். அழுத்தி முறுக்கினால் ஊசியின் நுனி கெடும். பிறகு படகைக் கட்டிப்போட்டு, தண்ணீரில், முன் கியரில், 10 நிமிடம் சூடான பிறகு அமைக்க வேண்டும். கரையில் டிரம்மில் வைத்து அமைத்தால் கடலில் ஒத்துவராது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். எஞ்சின் தடுமாறும் இடம் தெரியும். வெளியே எடுத்துக்கொண்டே வாருங்கள். குலுங்கி, பொதபொதவென்று ஓடும் இடம் வரும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு சுற்று வெளியே. இப்போது சட்டென்று திருப்புங்கள். இன்னும் அமுங்கினால் மறுபடி எட்டில் ஒரு பங்கு. எஞ்சின் அழகாக ஓடும் இடத்தில் நிறுத்தாமல், அதைவிடக் கொஞ்சம் பெட்ரோல் கூடிய இடத்தில் நிறுத்துவதுதான் பிக்கப்புக்கு நல்லது, பிஸ்டனுக்கும் நல்லது.

இதற்குப் பிறகும் குறை இருந்தால் கைப்பிடியை எஞ்சினோடு இணைக்கும் லிங்க் பக்கம் போங்கள். கைப்பிடியைத் திருப்பும்போது பல மாடல்களில் இரண்டு வேலை சேர்ந்து நடக்கிறது: ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள தட்டு நகர்ந்து பொறி முன்கூட்டியே விழுகிறது, திராட்டிலும் திறக்கிறது. தட்டு உப்பில் இறுகி, பொறி பின்தங்கி, திராட்டில் மட்டும் திறந்தால் எஞ்சின் அமுங்கும். எஞ்சினை அணைத்து, கில் சுவிட்ச் கயிற்றை எடுத்துவிட்டு, முன் கியரில் போட்டு முழுதாகத் திருப்பிப் பாருங்கள். திராட்டில் தகடு காற்றின் போக்குக்கு நேராகப் படுத்திருக்க வேண்டும். சாய்ந்து நின்றால் கேபிள் நீண்டிருக்கிறது. நியூட்ரலில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அங்கே முழுதாகத் திறக்காமல் தடை வைத்திருப்பார்கள்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பனி போலத் தெறித்துத் திரும்பி வந்தால் ரீட் வால்வைப் பாருங்கள். இதழின் நுனி உடைந்திருந்தால் மாற்ற வேண்டும், வளைந்து, 0.2 மில்லிமீட்டர் கேஜ் தாராளமாக நுழைந்தாலும் அப்படியே. வளைந்த இதழைத் திருப்பிப் போட்டு ஓட்டும் பழக்கம் இருக்கிறது. அது எந்த நேரமும் உடைந்து உள்ளே விழும்.

திணறல் இல்லாமல் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் அது வேறு: வலை, ஐஸ், ஆள் பாரம் கூடி ப்ரொப்பெல்லர் எஞ்சினை மீறுகிறது. முழு வேகத்திலும் 4,500 சுற்றுக்கு வரவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லர் போடுங்கள். 150 முதல் 200 சுற்று கூடும். பிக்கப் தானாக வரும்.

காற்று வழியில் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. எஞ்சின் மூடியின் பின்பக்கக் காற்று வாயைக் கழற்றிப் பாருங்கள். கரையில் சில நாள் கிடந்த எஞ்சினில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். காற்றில் பறந்த மணல் உள் மூலையில் சேர்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு மாட்டுங்கள். மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். கரையில் வைக்கும்போது காற்று வாயை மூடி ஒரு சாக்கு கட்டுங்கள், மறக்காமல் அவிழ்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி, அந்த வேகத்திலேயே கில் சுவிட்சை இழுத்து நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால், அதிலும் பொடிப் பொடியாக வெள்ளிப் புள்ளிகள் இருந்தால், கரைக்கு மெதுவாக வாருங்கள். அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். புள்ளி இல்லாமல் வெளிறி மட்டும் இருந்தால் மெயின் ஜெட்டில் அடுத்த பெரிய எண் போட்டு மறுபடி பாருங்கள். ஆயில் அளவைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் வற்றும். கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, அதுவும் டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு எஞ்சின் ஆயில். பைக் 2டி ஆயில் வேண்டாம்.

பத்து நாளுக்கு மேல் கடலுக்குப் போகாவிட்டால், நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை விடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மிஞ்சாமல் இருந்தால் அந்தச் சின்னத் துளைகள் அடைபடாது.