மகளுக்கு ஸ்பிரிங் சூட்: எந்தத் தடிமன், எந்த அளவு?

ஆஸ்திரேலியாவில் வசந்தம் பிறந்துவிட்டால், பிள்ளைகள் சர்ஃபிங்குக்கு, அதாவது அலைச்சறுக்குக்கு, அணியும் வெட்சூட் பற்றிப் பெற்றோரின் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். வெட்சூட் என்பது தண்ணீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை. அதில் கால் பகுதி குட்டையாக இருப்பது ஸ்பிரிங் சூட். அவற்றில் சிலவற்றுக்குப் பதில் தருகிறேன்.

சிட்னியில் இருக்கிறோம். பத்து வயது மகள் அக்டோபரில் சர்ஃபிங் வகுப்பில் சேர்கிறாள். வெயில் நன்றாக அடிக்கிறது. அரைக்கை ஸ்பிரிங் சூட் போதும்தானே?

போதாது. வெயிலைப் பார்க்காதீர்கள், கடல் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். சிட்னிக் கரையில் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும், 18 டிகிரியை ஒட்டி. அக்டோபரிலும் 19, 20 டிகிரிதான். தரை சூடேறும் வேகத்தில் கடல் சூடேறுவதில்லை. பெரியவர்கள் இந்தக் குளிரைச் சமாளித்துவிடுவார்கள். குழந்தைக்கோ எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் உடல் சூடு சீக்கிரம் போய்விடும். அதிலும் தொடக்க வகுப்பில் பாதி நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஈரத்தோடும் காற்றோடும் நின்றுகொண்டிருப்பாள்.

அக்டோபருக்குக் கை, கால் முழுவதையும் மூடும் 3/2 முழு சூட்தான் சரி. மார்பிலும் முதுகிலும் 3 மில்லிமீட்டர், கை கால்களில் 2 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். சர்ஃப் பள்ளிகள் பெரும்பாலும் அதை அவர்களே கொடுத்துவிடுவார்கள், கேட்டுப் பாருங்கள். உங்கள் பணத்தை 2 மில்லிமீட்டர் முழுக்கை ஸ்பிரிங் சூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் பாதியிலிருந்து அது கைகொடுக்கும். பெயரில் வசந்தம் இருந்தாலும் அது அதிகம் பயன்படுவது மார்ச், ஏப்ரலில்தான். கோடை முழுவதும் சூடேறிய கடல் அப்போதும் 22 டிகிரிக்கு அருகில் இருக்கும்.

வளர்கிற பிள்ளை. ஒரு அளவு பெரிதாக வாங்கினால் இரண்டு வருடம் வருமே?

தயவுசெய்து வேண்டாம். பட்டுப்பாவாடை என்றால் உள்ளே மடித்துத் தைத்து, வளர வளரப் பிரித்துவிடலாம். வெட்சூட்டில் அதற்கு வழியில்லை. நியோப்ரீன் என்ற அதன் ரப்பர் நுரைக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தாம் குளிரைத் தடுக்கின்றன. சூட் தோலோடு ஒட்டியிருந்தால்தான் அதற்குப் பலன். தொளதொளவென்று இருந்தால், ஒவ்வொரு அலைக்கும் கழுத்து வழியாகப் புதுக் குளிர்நீர் புகுந்து, உடல் சூடாக்கிவைத்த நீரை வெளியே தள்ளிவிடும். பெரிதாக வாங்கிய 3 மில்லிமீட்டரைவிட அளவான 2 மில்லிமீட்டர் கதகதப்பானது. சூட் வாங்குவதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது முதுகின் அடிக்குழிவைத் தொட்டுப் பாருங்கள். அங்கே துணியைக் கைநிறையப் பிடிக்க முடிந்தால் அது பெரிது. அக்குளில் மடிப்பு விழக்கூடாது. பிறகு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பலகையில் படுத்துத் தண்ணீரைத் தள்ளுவதுபோல் வீசச் சொல்லுங்கள். தோள் கீழே இழுத்தால் உடல் நீளம் போதவில்லை. வயதைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். உயரம், எடை, மார்புச் சுற்று மூன்றையும் அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். உலர்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாகத் தெரிவது இயல்பு, நனைந்ததும் இளகும். மூச்சு மட்டும் தாராளமாக விட முடிய வேண்டும்.

அண்ணன் போட்ட பழைய சூட்டை மகளுக்குப் போடலாமா?

எட்டு, ஒன்பது வயதில் தாராளமாகப் போடலாம். அந்த வயதில் சிறுமியர் சூட்டுக்கும் சிறுவர் சூட்டுக்கும் பெரும்பாலும் நிறத்தில்தான் வித்தியாசம். பன்னிரண்டு, பதின்மூன்றில் நிலைமை மாறுகிறது. மார்பில் இறுக்கும், இடுப்பில் தொளதொளக்கும். அப்போது பெண்களுக்கான சிறிய அளவையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. எது வாங்கினாலும் அவளையே அழைத்துப் போங்கள். கூச்சமாக உணரும் உடையில் எந்தப் பிள்ளையும் மனம்விட்டு அலையேற மாட்டாள்.

பழையதை மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ அட்டைபோல் விறைத்திருந்தாலோ அதை விட்டுவிடுங்கள்.

ஜிப் முன்னால் இருப்பதா, பின்னால் இருப்பதா?

சிறு பிள்ளைகளுக்குப் பின்ஜிப். போடுவதும் கழற்றுவதும் எளிது. நீளமான தலைமுடி என்றால் ஜிப்பிலும் கழுத்துப் பட்டையின் வெல்க்ரோவிலும் சிக்கி இழுக்கும், ஆகவே முதலில் இறுக்கிப் பின்னிவிடுங்கள். தானாகவே போட்டுக்கொள்ளும் வயதுக்கு முன்ஜிப் நல்லது. கழுத்து வழியே தண்ணீர் குறைவாகவே புகும்.

சென்னையில் இருக்கிறோம். கோவளத்தில் கற்கும் மகளுக்கு ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லலாமா?

தேவையே இல்லை. அங்கே கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. வெயிலும் பலகை உரசலும்தான் பிரச்சினை, அதற்கு முழுக்கை ரேஷ் வெஸ்ட், அதாவது உடலோடு ஒட்டும் மெல்லிய நீச்சல் மேல்சட்டை, போதும்.

சலவை இயந்திரத்தில் போடலாமா?

கூடாது. வெந்நீரும் ஆகாது. சூட்டை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி, குளிர்ந்த நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் காய விடுங்கள். ஈரச் சூட்டைச் சட்டைபோல் தோள்பகுதியில் ஹேங்கர் மாட்டித் தொங்கவிட்டால் அதன் எடையே தோள்பட்டையை நீட்டிவிடும். இடுப்பில் இரண்டாக மடித்து, தடித்த ஹேங்கரின் குறுக்குக் கம்பியில் போடுங்கள். கழற்றும்போது நகத்தால் பிடித்து இழுக்காமல் விரல் நுனிகளால் உருட்டிக் கழற்ற மகளுக்குப் பழக்குங்கள். மார்பில் வழவழப்பான ரப்பர் பரப்பு உள்ள சூட் காற்றுக்கு நல்ல தடுப்பு, ஆனால் நகம் பட்டால் முதலில் கிழிவதும் அதுதான்.