பாட்டி எந்தப் பக்கம் படுத்திருந்தார்?

கேள்வி: எனக்கு 46 வயது. பதினோரு வருடமாக நர்சிங் அசிஸ்டென்டாக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் வார்டில் தாள் சார்ட்டை எடுத்துவிட்டு, கட்டிலுக்குக் கட்டில் டேப்லெட் வைத்துவிட்டார்கள். எதைச் செய்தாலும் உடனே லாகின் செய்து பதிய வேண்டும். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றவும் வேண்டும். ஐந்து தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்கிறது. ராத்திரியில் ரீசெட் செய்யச் சொல்லிக் கூப்பிட்டால், “மறுபடியும் நீங்களா?” என்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண் என்னை அக்கா, அக்கா என்று கூப்பிடுவாள். அவள்தான் தன் லாகினைத் திறந்து வைத்துவிட்டுப் போவாள், நான் அதிலேயே பதிந்துவிடுவேன். சில நேரம் எனக்கும் சேர்த்து அவளே போட்டுவிடுவாள். நல்ல பெண். போன வாரம் ஒரு பாட்டியைத் திருப்பிப் படுக்கவைக்கப் போனேன். மணி நாலாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பார்த்தால் 4 மணிக் கட்டத்தில் ஏற்கனவே டிக் இருந்தது. சரி, அவள் செய்திருப்பாள் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மகனிடம் லாகின் விஷயத்தைச் சொல்லித் தரச் சொன்னால், “இதுகூடத் தெரியாதா?” என்கிறான். எனக்கு வயதாகிவிட்டதா? வேலையை விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பாஸ்வேர்டுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பாட்டிக்கு நாலு வரி. அந்த நாலு வரியிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பாட்டி எந்தப் பக்கம் படுத்திருந்தார்?

இது மாதிரி கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, சின்னவர்கள் சிரிக்கிறார்கள், எனக்கு வயதாகிவிட்டதா என்று முடியும். 46 எல்லாம் ஒரு வயதா என்று நான் முதுகைத் தட்டிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தட்ட மாட்டேன்.

2 மணிக்கு அவரைத் திருப்பியது யார்? நீங்கள் என்றால், கட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். இடது பக்கம் சாய்த்துவிட்டுப் போனவர் இன்னும் இடது பக்கமே இருந்தால் யாரும் தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்த தலையணை வைத்த இடத்திலேயே நசுங்கிக் கிடந்தால் யாரும் தொடவில்லை. பதினோரு வருடம் இந்த வேலை பார்த்தவருக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் கண் திரையில் இருந்தது. டிக்கைப் பார்த்தீர்கள், நகர்ந்துவிட்டீர்கள்.

அந்தப் பெண் 3:40-க்கே வந்து உண்மையிலேயே திருப்பியிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். உங்களாலும் அதற்கு மேல் சொல்ல முடியாது. காலையில் அந்தச் சார்ட்டைப் படிக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கோ இந்தச் சந்தேகம்கூட வராது. அவருக்கு அது 4 மணிக்குத் திருப்பப்பட்ட நோயாளி.

திருப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2 மணிக்குப் படுத்த பக்கத்தில் 6 மணி வரை நாலு மணி நேரம். எலும்பு துருத்திய இடங்களில், அதாவது இடுப்பின் பின்புறம், இடுப்பெலும்பின் பக்கவாட்டு முனை, குதிகால், கணுக்கால் இங்கெல்லாம் உடலின் பாரம் ரத்த ஓட்டத்தை அமுக்கிவிடும். தானாகப் புரண்டு படுக்க முடிகிறவர்களுக்குத் தூக்கத்திலேயே உடம்பு அதைச் சரிசெய்துகொள்ளும். அந்தப் பாட்டிக்கு அந்த வசதி இல்லை, உங்கள் கைதான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்ற பழைய கணக்கு அதற்காக வந்ததுதான். ஆளையும் மெத்தையையும் பொறுத்து அதைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆனால் யாருமே வராமல் வந்ததாக எழுதிக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் குறை நோயில் இல்லை, பணிவிடையில் இருக்கிறது என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதிவிட்டார். கடுமையான பேச்சுதான். எவ்வளவு கவனித்தாலும் சில புண்களைத் தடுக்க முடியாது என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள், அதுவும் நிஜம். ஆனால் “எவ்வளவோ கவனித்தோம்” என்று சொல்ல, கவனித்திருக்க வேண்டும் அல்லவா?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். என் அப்பா கடைசியில் படுத்த படுக்கையாக ஒரு மருத்துவமனையில் இருந்தார். அப்போது தாள் சார்ட்தான். கால்மாட்டில் ஒரு அட்டையில் செருகியிருக்கும். இரவு 12, 2, 4, 6 என்று வரிசையாகக் கையெழுத்து. நாலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் போட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். துடைத்துவிடக் காலைத் தூக்கியபோது குதிகால் கறுத்திருந்தது. அதனால், கம்ப்யூட்டர் வந்துதான் எல்லாம் கெட்டது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். பேனாவிலும் இதே வேலை நடந்தது.

இப்போது உங்கள் லாகின். அதை நீங்கள் கதவுப் பூட்டு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், யார் சாவியில் திறந்தால் என்ன, உள்ளே போனால் சரி என்று. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் வந்த கதையே வேறு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பகிர்ந்துகொள்ள வழி செய்தார்கள். எந்த வேலை யாருடையது என்று பிரித்துவைக்க ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். (அதே கார்பட்டோ வயதான காலத்தில், பாஸ்வேர்ட் என்பது பெரிய தலைவலியாகிவிட்டது என்று சலித்துக்கொண்டார், தன்னுடையவற்றைத் தாளில் குறித்து வைத்திருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். உங்கள் வெட்கத்துக்கு இதற்கு மேல் மருந்து என்னிடம் இல்லை.) கட்டிலோரம் இருக்கும் டேப்லெட்டிலும் லாகின் அதற்குத்தான். இந்தக் கை யாருடைய கை என்று சொல்வதற்கு.

அந்தக் கணக்குப்படி, இரவல் லாகினில் பதிந்த நாட்களில் நீங்கள் அந்த வார்டில் எதையும் செய்யவில்லை. தூக்கியது, துடைத்தது, ஊட்டியது, சிறுநீரை அளந்து ஊற்றியது எல்லாம் அவள் பெயரில். நாளைக்கு ஏதாவது ஒன்று தப்பாகிப் போய் விசாரணை வந்தால், நீங்கள் செய்ததற்கும் அவள்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள்களில் எந்த லாகின், எந்தக் கருவி, எத்தனை மணிக்குத் தட்டப்பட்டது என்று பின்னால் ஒரு குறிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். பதிவைத் திருத்தினாலும் பழையது அடியில் அப்படியே கிடக்கும். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் ஒரே பெண் இரண்டு பேரைத் திருப்பியதாக அதில் எத்தனை இடம் இருக்குமோ!

விசாரணை கிடக்கட்டும், அன்றாட விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போடும் எண்ணைப் பார்த்துத்தான் மேலே முடிவு எடுக்கிறார்கள். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார், எடை எவ்வளவு என்பதைப் பார்த்து, நீர் பிரிய மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிப்பார்கள். அளவு சந்தேகமாக இருந்தால் பதிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கூப்பிட்டால் அவள் வருவாள். அவளுக்கு என்ன தெரியும்? அளந்தது நீங்கள்.

அவள் நல்ல பெண் என்கிறீர்கள். நல்ல பெண்ணாகவே இருக்கட்டும். அக்கா என்று கூப்பிடுகிறாளே, நீங்கள் அக்காவாக என்ன செய்தீர்கள்? உங்கள் சொந்தத் தங்கை செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பீர்களா? உறவு முறை சொல்லிக் கூப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்கு ஒரு கடமையும் உண்டு, அதை மூத்தவர்தான் முதலில் செய்ய வேண்டும். இன்னொன்று, பாட்டி என்று எழுதியிருக்கிறீர்கள், நோயாளி என்று எழுதவில்லை. அந்தச் சொல்லை நான் சும்மா விட மாட்டேன். அவர் பிள்ளைகள் வீட்டில் தூங்குவது உங்களை நம்பி. பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். முடியாதபோது அந்த இடத்தில் சம்பளத்துக்கு ஒருவர் வந்து நின்றால், அந்த ராத்திரிக்கு அவர்தான் பிள்ளை.

சரி, வேலையை விடலாமா என்ற கேள்வி. பாஸ்வேர்டுக்காக விடாதீர்கள், அது ஒரு வாரத்து வேலை. நீளமாக வையுங்கள். உங்களுக்கு மட்டும் அர்த்தமாகும் நாலைந்து சொற்களைச் சேர்த்து, கேட்கிற எண்ணையும் குறியையும் எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். மாதக் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதே, குறிகளைத் திணிக்காதே, நீளம் இருந்தால் போதும் என்று அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய அமைப்பே 2017-ல் சொல்லிவிட்டது. உங்கள் நிர்வாகத்துக்கு அது இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது. எட்டும் வரை அவர்கள் விதிதான். ஐடி கார்டின் பின்னால் எழுதி ஒட்டாதீர்கள். மூன்று தடவை தப்பினால் நிறுத்திவிடுங்கள், பூட்டிக்கொள்ளும் வரை போராடுவது ஏன்? திரைக் கீபோர்டு பயனர் பெயரின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருக்கும், கடைசியில் ஒரு இடைவெளியைச் சேர்த்திருக்கும், பாருங்கள். கைக்குப் போட்ட சானிடைசர் காயாமல் தொட்டாலும் திரை ஒன்றுக்கு இரண்டாக எழுதும். பாஸ்வேர்ட் மாற்றும் நாள் நெருங்கினால் ஷிஃப்ட் தொடங்கும்போதே மாற்றிவிடுங்கள், விடியற்காலை வரை வைத்திருக்காதீர்கள். கார்டைத் தட்டினாலோ விரலை வைத்தாலோ திறக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் வந்துவிட்டது. அப்படியும் உள்ளே போக முடியாத இரவில், நேரம் போட்டுத் தாளில் எழுதி ஸ்டாஃப் நர்ஸிடம் காட்டிவிட்டு, திறந்ததும் தாமதப் பதிவாக, செய்த நேரத்தையே போட்டு ஏற்றுங்கள். தாமதம் தப்பில்லை. ஐடி ஆள் “மறுபடியும் நீங்களா?” என்றால், ஆமாம் நான்தான் என்று சொல்லுங்கள். அது அவர் வேலை.

உங்கள் மகனிடம் இனிமேல் கேட்காதீர்கள். வந்து உட்கார் என்று சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்று சம்பாதித்து அவனை வளர்த்தவருக்குப் பத்து நிமிடம் பொறுமையாகச் சொல்லித் தர முடியாதவன் நாளைக்கு உங்களை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பான்? அவன் போனிலேயே ஒரு போலி பாஸ்வேர்டைப் பத்து நாள் தட்டிப் பழகுங்கள். உண்மையானதை அவனுக்கும் சொல்லக்கூடாது.

இதெல்லாம் இரண்டாவது. முதலில் இன்றைக்கு டியூட்டிக்குப் போனதும் பாட்டியைப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பாமல் சிவப்பு அப்படியே நின்றால் புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இருந்தால் உடனே ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லி, உங்கள் லாகினில், உங்கள் பெயரில் பதியுங்கள்.

அப்புறம் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், இத்தனை நாள் இரவல் லாகினில் பதிந்ததையும் அந்த 4 மணி டிக்கையும் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அதற்கு மேலும் நடக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போங்கள், முதுகுக்குப் பின்னால் போகாதீர்கள். அழுவாள், கோபித்துக்கொள்வாள். கொஞ்ச நாள் உங்களை அக்கா என்று கூப்பிட மாட்டாள்.