மலை எங்கே ஓடிவிடப் போகிறது?

சிறு குழந்தைகளோடு பூங்கா, குன்று என்று சுற்றுவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். 31 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள் நான். இப்போது ஆறு வயதுப் பேத்திக்கும் மூன்று வயதுப் பேரனுக்கும் அம்மாச்சி. என் கால்கள் மதுரை வட்டாரத்தைத் தாண்டுவதில்லை. பதில்களும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: நான்கு வயது மகனைக் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு அழைத்துப் போனோம். இருபது படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஏறிய கணவர், வீடு வரும்வரை என்னைத் திட்டினார். எந்த வயதில் மலைக்கு அழைத்துப் போகலாம்? (திருநகர் வாசகி)

பதில்: அந்த இருபதாவது படியில் உட்கார்ந்து அவன் எதைப் பார்த்தான் என்று கேட்டீர்களா அம்மா? கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதம், காலை பத்து மணிக்கு இதே மலைக்குப் பேத்தியோடு போனேன். மேலே சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரை ஏறியே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. போதாததற்கு அவள் செருப்பு வார் வேறு அறுந்துபோனது. அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிய கோலத்தை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “மலை எங்கே ஓடிவிடப் போகிறது, டீச்சரம்மா?” என்றார். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! பேத்தியை அதட்டிய குரலில் தெரிந்திருக்கும்.

இப்போதெல்லாம் காலை ஆறேகாலுக்கு அடிவாரத்தில் இருப்போம். முதல் முக்கால் மணி நேரம் ஏறுவதே இல்லை. தாமரைக் குளத்தில் எத்தனை பூ என்று எண்ணி, அய்யனார் கோயிலைச் சுற்றி வந்து, ஆலமரத்தடியில் ஆடி முடித்த பிறகுதான் படிப்பக்கம் போவோம். பேரன் ஒரு கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வான். அந்தக் கணக்கில்தான் தண்ணீரும் இட்லியும் கட்டுவேன். எட்டரை மணிக்கு எந்தப் படியில் நின்றாலும் இறக்கம்தான். பேச்சிப்பள்ளத்தைப் பார்க்கவே எங்களுக்கு நான்கு பயணம் ஆயிற்று.

அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் (சமண சமயப் பெரியவர்கள்) சிற்பங்கள் இருக்கின்றன. வரலாறு சொல்லிப் பிள்ளைகளை விரட்டாதீர்கள். “தலைக்கு மேல் பாம்பு குடை பிடிக்கிறதே, அவர் எங்கே?” என்று மட்டும் கேளுங்கள், பார்சுவநாதரை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற ஆயிரம் ஆண்டுப் பழைய தமிழ் எழுத்து. அதைப் பார்த்துவிட்டு என் பேத்தி, “இவங்களுக்கும் கோட்டில் எழுத வராதா அம்மாச்சி?” என்று கேட்டாள்.

வயதைக் கேட்டிருந்தீர்கள். நடக்கத் தெரிந்த பிள்ளையைத் தாராளமாக அழைத்துப் போகலாம். கணவரை அழைத்துப் போவதைத்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

கேள்வி: எங்களிடம் வண்டி கிடையாது. பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சலும் சறுக்குமரமும்தான். அங்கே போய் என்னத்தைக் காட்டுவது? (தெப்பக்குளம் வாசகர்)

பதில்: ஊஞ்சலை விட்டுவிட்டு, மழை படாத ஒரு மூலையைத் தேடுங்கள் தம்பி. பெஞ்சுக்கு அடியிலோ சுவர் ஓரத்திலோ, மாவு போன்ற புழுதியில் புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழியானை வெட்டிய பள்ளம் அது. எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். அடியில் காத்திருக்கும் பூச்சி மண்ணை வாரி இறைத்து எறும்பைப் பிடித்துவிடும். பூச்சியை மெல்ல எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும். பார்த்துவிட்டுத் திரும்பப் புழுதியில் விடச் சொல்லுங்கள். என் பேரனுக்கு இது முக்கால் மணி நேர வேலை. நல்ல மழை பெய்த மறுநாள் புல்லில் சிவப்புப் பட்டுப்பூச்சி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சங்கப் பாட்டில் ‘மூதாய்’ என்று வருவது அதுதான்.

ஒரு வேப்பமரத்தை ‘நம் மரம்’ என்று வைத்துக்கொண்டு வாராவாரம் போய்ப் பாருங்கள். பஸ்ஸில் போக முடிந்தால், தமுக்கத்தை ஒட்டிய காந்தி அருங்காட்சியக வளாகத்தில் நல்ல நிழல் உண்டு.

கேள்வி: பாம்பு, தேனீ, குரங்கு என்று என் மாமியார் பயமுறுத்துகிறார். (ஒத்தக்கடை வாசகி)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. புதரிலும் பாறை இடுக்கிலும் பிள்ளைகள் கைவிடக் கூடாது. நீங்கள் முன்னே கம்பைத் தட்டிக்கொண்டு நடங்கள். பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். குழந்தையை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை ஆட்டாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெரிய பாறைகளின் அடியில் மலைத்தேனீ கூடு தொங்கினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கல்லெறியக் கூடாது, புகை போடக் கூடாது. வாசனைத் தெளிப்பை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

குரங்குக்கு மருந்து ஒன்றுதான்: கையில் பை இருக்கக் கூடாது. அழகர் மலையில் என் கணவர் கையிலிருந்த பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது. அதில் இருந்தது அவருடைய மூக்குக் கண்ணாடி.

கேள்வி: அரிட்டாபட்டிக்குக் குழந்தைகளோடு போகலாமா? (மேலூர் வாசகர்)

பதில்: பக்கத்திலேயே இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. குன்று, குளம், குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழ்ப் பிராமி எழுத்து என எல்லாம் ஒரே ஊரில். வல்லூறும் கழுகும் பாறைமேல் வட்டமிடும். ஆனால் “இன்றைக்கு வல்லூறு காட்டுகிறேன்” என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். வராவிட்டால் திட்டு உங்களுக்குத்தான். அங்குள்ள தேவாங்கு இரவில் நடமாடும் பிராணி. அதைக் கேட்டு அழுதால் சமாளிப்பது உங்கள் பாடு.

கேள்வி: ஐந்து வயது மகளோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுப் பாதையில் நடக்க ஆசை. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் பலியானது நினைவிருக்கும். இன்னும் நான்கைந்து வருடம் பொறுங்கள். அதுவரை சமணர் மலை போதும்.

கேள்வி: எங்கே போனாலும் கல், காய், இறகு என்று பை நிறையக் கொண்டுவருகிறாள் என் மகள். (பழங்காநத்தம் வாசகி)

பதில்: ஒரு நடைக்கு ஒரு பொருள் என்று பேசிக்கொள்ளுங்கள், மற்றதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பழைய ஓடு, செங்கல் துண்டு ஆகியவற்றைத் தொடவே கூடாது. குன்றிமணி அழகாக இருக்கிறதென்று பையில் போட்டால் உடனே வாங்கிவிடுங்கள். கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. என் சமையலறை ஜன்னலில் இப்போது பதினொரு கற்கள் இருக்கின்றன. துடைக்கும்போது இடம் மாற்றி வைத்தால் பேத்தி கண்டுபிடித்துவிடுகிறாள்.