சுமை ஏற்றியதும் 5 வோல்ட் 3.6 ஆக இறங்கினால்

வணக்கம் நண்பரே. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் உங்கள் சர்க்யூட்டில், சுமை இல்லாதபோது சரியாக 5 வோல்ட், 1 ஆம்பியர் இழுத்ததும் 3.6 என்கிறீர்கள். சுமையோடு வைத்தே வோல்ட்டை இறக்கித் தரும் ஐசியான எல்எம்2596-இன் (வெளியீட்டை மாற்றியமைக்கும் வகை) 4-வது காலை அளந்து பாருங்கள். வெளியீடு சரியா என்று ஐசி கவனிக்கும் கால் அது. 1.23 வோல்ட் இருந்தால் ஐசி நன்றாகத்தான் இருக்கிறது, இழப்பு வெளியே போகும் வயரில். அதற்குக் கீழே என்றால் மின்சாரம் உள்ளே வரும் 1-வது காலில் 12 வோல்ட் நிற்கிறதா பாருங்கள். அடாப்டர் தொய்ந்துபோவது சகஜம்.

அதுவும் சரி என்றால், நீங்கள் போட்டிருக்கும் 1என்4007 டயோடு மேல்தான் எனக்குச் சந்தேகம். இந்த ஐசி 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான அந்த டயோடு அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது, தொட முடியாதபடி சுடும். வேகமாக ஸ்விட்ச் ஆகும் ஷாட்கி வகை டயோடான 1என்5822-ஐ ஐசியை ஒட்டியே போடுங்கள். அப்புறம், காயில் (கம்பிச் சுருள்) 3 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும்.