பழுப்புத் தண்ணீர், நனையும் சீலிங், எதிர்த்து வரும் சாக்கடை: பழைய அடுக்குமாடியில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கும்பகோணத்தில் தரைத்தளமும் மூன்று மாடியுமாக 16 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. 1995-இல் கட்டியது. எல்லாம் சுவருக்குள் பதித்த ஜி.ஐ. பைப். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பழுப்பாக வருகிறது. மூன்றாம் மாடியில் நூல் மாதிரிதான் விழுகிறது. முதல் மாடியில் இரண்டு பாத்ரூம் சீலிங்கில் ஈரம். ஐப்பசி மழையில் தரைத்தள பாத்ரூம்களில் கழிவுநீர் எதிர்த்து வருகிறது. ஒரு பிளம்பர் மொத்தத்தையும் உடைத்து மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஆசிட் விட்டுக் கழுவினால் போதும் என்கிறார். தரைத்தளத்துக்காரர்களோ, "எங்களுக்கு நன்றாகத்தான் வருகிறது, பைப் மாற்ற நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" என்கிறார்கள். என்ன செய்வது? (சங்கச் செயலாளர்)

பதில்: ஆசிட் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்பு. முப்பது வருடத்தில் உள்பூச்சு கரைந்து, துரு கட்டிகட்டியாகப் படிந்திருக்கும். ஆசிட் துருவையும் தின்னும், மிச்சமிருக்கும் இரும்பையும் தின்னும். பல இடங்களில் ஊசித்துளையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தத் துருதான். அது போனால் இதுவரை ஒழுகாத சுவரும் ஒழுகத் தொடங்கும்.

மொத்தத்தையும் உடைப்பதும் தேவையில்லை. நீங்கள் சொன்ன நான்கும் ஒரே கோளாறு அல்ல. இரண்டு நல்ல தண்ணீர் லைனைச் சேர்ந்தவை. சீலிங் ஈரம் பெரும்பாலும் கழிவு லைன். மழையில் எதிர்த்து வருவது மண்ணுக்கடியில் இருக்கும் பிரச்சினை.

பழுப்பிலிருந்து தொடங்குவோம். மூன்று கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு வீட்டுக் குழாயில் வரும் முதல் தண்ணீர் ஒன்றில், அதே குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் இன்னொன்றில், சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், விழும் போர்வெல் தண்ணீர் மூன்றாவதில். முதல் பாட்டில் மட்டும் பழுப்பு என்றால் இரவெல்லாம் வீட்டு பைப்பில் நின்ற தண்ணீர் துருவைக் கொண்டு வருகிறது. இரண்டாவதும் பழுப்பு என்றால் மேல்தொட்டி அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள்; தொட்டி சுத்தமாக இருந்தால் தொட்டியிலிருந்து இறங்கும் பொது லைன்தான். போர்த் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரம் நின்றபின் மஞ்சளாகக் கலங்கினால், அது தண்ணீரிலேயே கரைந்திருக்கும் இரும்பு. காற்றுப் பட்டதும் வெளிவருகிறது. தங்கத்தில் பைப் போட்டாலும் அது போகாது. சம்ப்புக்கு முன்னால் காற்றூட்டி வடிகட்ட வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் பைப்பை மாற்றிவிட்டு, "புது பைப்பிலும் அதே நிறம்" என்று புலம்புகிறவர்கள் உண்டு.

அடுத்து மேல்மாடி. பத்து மீட்டர் உயரம் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம், இதுதான் கணக்கு. மேல்தொட்டியிலிருந்து மூன்றாம் மாடிக் குழாய்க்கு இரண்டு மூன்று மீட்டர்தான் என்றால் கால் கிலோ தேறும். தரைத்தளத்துக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே கிடைக்கும். அரை அங்குல பைப்பின் உள்விட்டம் துருவால் பாதியானால் தண்ணீர் போகும் வழி கால்பங்காகிவிடும். வரத்து அதைவிடவும் குறையும். மேலே அது உடனே தெரியும், கீழே அழுத்தம் அதை மறைத்துவிடும். தரைத்தளத்துக்காரர்கள் நன்றாக வருகிறது என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பைப்பும் அதே வயது, அதே துரு.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. மொட்டை மாடியில் ஒரு எல்போவை (பைப் திரும்பும் இடத்து மூட்டு) ஒட்டி ஓரடி பைப்பை அறுத்து எடுத்து, நீளவாக்கில் பிளந்து, சங்கக் கூட்டத்தில் மேஜைமேல் வையுங்கள். மரை (திருகு வரி) வெட்டிய இடத்தைக் காட்டுங்கள். மரை போடும்போதே பூச்சு போய்விடுகிறது, கனமும் குறைகிறது. அதனால்தான் ஜி.ஐ. லைன் நடுவில் உடையாமல் எல்போவிலும் கப்ளிங்கிலும் பித்தளை வால்வு சேரும் இடத்திலும் முதலில் போகும். பைப் மாற்றும்வரை பிரஷர் பம்ப் வாங்கும் பேச்சே வேண்டாம். மெலிந்த மரைகள் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

என் ஆலோசனை இதுதான்: சுவருக்குள் இருக்கும் பழைய பொது பைப்பைப் பழுதுபார்க்கவும் வேண்டாம், தோண்டி எடுக்கவும் வேண்டாம், அப்படியே கைவிட்டுவிடுங்கள். இரு முனையிலும் அடைத்து விட்டால் கிடந்துவிட்டுப் போகட்டும். புதிய பொது லைன்களை டக்ட்டிலோ (பைப்புகளுக்காக விட்ட செங்குத்து இடைவெளி) வெளிச்சுவரிலோ கிளாம்ப் போட்டுத் திறந்தபடி இறக்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே ஒரு பால் வால்வு. ஒரு வீட்டில் வேலை என்றால் 16 வீட்டுக்கும் தண்ணீர் நிறுத்தும் கொடுமை அதோடு தீரும். வீட்டுக்குள் இருக்கும் லைனை அவரவர் பாத்ரூம் புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். சுவரை வெட்டுவதானால் தூணிலும் பீமிலும் கை வைக்கவே கூடாது.

பைப்புக்குச் சுடுதண்ணீரும் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. போடலாம். குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும் என்றால் இன்னொரு பிளாஸ்டிக்கான யு.பி.வி.சி. போதும், செலவும் குறைவு. கீசர் லைனுக்கு சி.பி.வி.சி.தான். இரண்டுக்கும் பசை வேறு, மாற்றி ஒட்டினால் நிற்காது. பழைய ஜி.ஐ.யோடு சேரும் இடத்தில் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங்கும் டெஃப்லான் டேப்பும் போடச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் சணலும் பெயின்ட்டும் சுற்றுகிற கைகள் இன்னும் இருக்கின்றன. பிளாஸ்டிக் வெயிலில் நீளும்: பத்து மீட்டர் சி.பி.வி.சி. 20 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஆகவே கிளாம்ப் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மாடியில் வெயில் படும் பைப்புக்கு வாட்டர் பேஸ் வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களும் இதைப் படித்தால் ஒன்று: உப்பேறிய போர்த் தண்ணீரில் ஜி.ஐ. இன்னும் சீக்கிரம் போகும், முப்பது வருடம் காத்திருக்க வேண்டாம்.

சீலிங் ஈரத்துக்கு வருவோம். மேல்வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களிலும் ஈரம் அப்படியே இருந்தால் நல்ல தண்ணீர் லைன். குளித்தபின் கூடி, ஆள் இல்லாதபோது காய்ந்தால் கழிவு லைன். சாயம் கலந்த தண்ணீரை மேல்வீட்டு நஹானி டிராப்பில் (பாத்ரூம் தரையின் வடிகுழி) ஊற்றிப் பாருங்கள். கீழே நிறம் இறங்கினால், டிராப் தளத்தில் உட்காரும் இடத்துச் சிமென்ட் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மேலிருந்து டிராப்பைச் சுற்றி வெட்டி வாட்டர் ப்ரூஃபிங்கோடு மறுபடி வைப்பதுதான் வழி. கீழ்வீட்டு சீலிங்கில் என்ன பூசினாலும் அடுத்த வருடம் உப்புப் பூக்கும்.

மழையில் கழிவுநீர் எதிர்த்து வருவதுதான் நம் டெல்டாவுக்கே உரிய தலைவலி. பைப் உடைந்ததா என்று தேடுவதற்கு முன் மொட்டை மாடி மழைநீர் பைப் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அதைக் கழிவுநீர் சேம்பரில் (கழிவு லைன்கள் சேரும் மூடி போட்ட தொட்டி) இணைத்துவைத்திருக்கும் கட்டடங்கள் நிறைய. நான்கு அங்குலக் கழிவு லைன் ஒரு மாடியின் அடைமழையையும் சேர்த்து எப்படி விழுங்கும்? அதைப் பிரித்து மழைநீர் வடிகாலுக்கோ சேகரிப்புக் குழிக்கோ திருப்பினாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால், மழை பெய்யும்போதே தெருவை ஒட்டிய கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருந்து உள் சேம்பர் நிரம்பியிருந்தால் உங்கள் லைனில் அடைப்பு. அதுவே நிரம்பி நின்றால் தெருவின் பாதாளச் சாக்கடை நிரம்பியிருக்கிறது. அப்போது தரைத்தளத்துக் கழிவைத் தனி பைப்பில் கொண்டுபோய் அதில் நான்-ரிட்டர்ன் வால்வு (வெளியே மட்டும் விட்டு, திரும்பி வரவிடாத வால்வு) வைக்க வேண்டும். எல்லா மாடிக்கும் பொதுவான லைனில் வைத்துவிடாதீர்கள். வால்வு மூடியிருக்கும்போது மேல்மாடிக் கழிவெல்லாம் தரைத்தள பாத்ரூமில்தான் பொங்கும்.

அடைப்பு உங்கள் லைனில்தான் என்றால் கட்டடத்தை விட்டு பைப் வெளியே வரும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள். நம் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். கட்டடம் அஸ்திவாரத்தில் நிற்கிறது. வெளியே பைப் மட்டும் மண்ணோடு இறங்குகிறது. சுவரை ஒட்டி ஓரிரண்டு அடிக்குள் மூட்டு விலகியிருக்கும், வேப்ப மரம் அருகில் இருந்தால் வேரும் உள்ளே போயிருக்கும். புதிதாகப் போடும்போது மணல் படுக்கையும் ரப்பர் ரிங் மூட்டும் கேளுங்கள். கொஞ்சம் அசைவு தாங்கும். அடைப்பு எடுக்க, தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் ஜெட்டிங் வண்டி கூப்பிடுங்கள். சேம்பருக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

மண் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் மேட்டூர் திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிலத்தடி மட்டம் ஏறும், தோண்டிய குழியில் ஊறும். நல்ல தண்ணீர் லைனை எந்த மாதமும் மாற்றலாம்.

பணம்: டக்ட்டில் இறங்கும் பைப், சேம்பர், மேல்தொட்டி எல்லாம் பொதுச் சொத்து, பத்திரத்தில் உள்ள பங்கு விகிதப்படி எல்லோரும் தர வேண்டியதுதான். வீட்டு வால்வுக்கு உள்ளே வருவது அவரவர் பாடு. அப்புறம், கழிவுநீர் எதிர்ப்பதால் முதலில் அவதிப்படுவது தரைத்தளம்தான். அந்த வேலைக்கு மூன்றாம் மாடியும் பணம் தருகிறது என்பதைக் கூட்டத்தில் மென்மையாக நினைவூட்டுங்கள்.

பிளம்பருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் புதிய லைனைக் கைப்பம்ப் வைத்து, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். சுவரை மூடுவதற்கு முன் பைப் போகும் வழியை அளவு நாடாவோடு போட்டோ எடுத்துச் சங்கக் கோப்பில் வையுங்கள்; பாத்ரூமில் கண்ணாடி மாட்ட டிரில் போடுகிறவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.