அண்ணன் ஓய்வு பெறுகிறார், விஷயமெல்லாம் அவர் தலையில்

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் 14 பேர் வேலை செய்யும் ஃபார்வர்டிங் நிறுவனம் (சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கி அனுப்பிவைக்கும் தொழில்) எங்களுடையது. மூத்த கிராணி (எழுத்தர்) அண்ணன் 26 வருடமாக இருக்கிறார். இன்னும் ஐந்து மாதத்தில் 60 வயது நிறைகிறது. எந்தச் சரக்குக்கு எந்த பெர்மிட், எந்த வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ‘அறிவு மேலாண்மை சாப்ட்வேர் ஒன்று வாங்கிவிடலாம்’ என்கிறார் முதலாளி. வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. சாப்ட்வேரை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

அறிவு மேலாண்மை என்பது பேர்தான் பெரிது. உங்கள் வேலையில் யாருக்கு என்ன தெரியும், தேவைப்படுகிற ஆளுக்கு அது தேவைப்படுகிற நேரத்தில் கிடைக்கிறதா, தெரிந்தவர் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்வதுதான் அது. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வைத்திருந்தால் ஆடிட்டரும் இதைக் கேட்கலாம். 2015 பதிப்பில் இதற்கென்றே 7.1.6 என்ற பிரிவு உண்டு.

அண்ணனிடம் இருப்பது இரண்டு வகை. இறக்குமதிக்கான கே1 சுங்கப் பாரத்தை எப்படி நிரப்புவது, ஏற்றுமதிக்கான கே2 எப்போது தேவை என்பதெல்லாம் எழுதி வைக்கக்கூடியது. யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். இன்வாய்ஸைப் பார்த்ததுமே “இந்த எடை உதைக்குதே” என்கிறாரே, அது வேறு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நமக்குத் தெரிந்தது நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966-இல் எழுதினார். நம் வீட்டில் இதற்குக் கைப்பக்குவம் என்று பேர்.

1980களில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் செய்தது. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் இகுகோ தனகா என்ற சாப்ட்வேர் பொறியாளர் ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை கற்றுக்கொண்டார். ரொட்டிக்காரர் மாவை ஒரு தினுசாக இழுத்து முறுக்குவதை அவர் கவனித்தார். இயந்திரத்தின் உட்புறத்தை அதற்கேற்ப மாற்றிய பிறகுதான் ரொட்டி சரியாக வந்தது. இந்தக் கதையைப் பிரபலமாக்கிய பேராசிரியர் நொனாகா சொன்னதன் சாரம்: இந்த வகை அறிவு கூட இருந்து பழகினால்தான் ஒட்டும்.

ஆகவே “உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள் அண்ணே” என்று மட்டும் கேட்காதீர்கள். பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் அப்படிக் கேட்டு வாங்கிய தடித்த கோப்பைப் பார்த்திருக்கிறேன். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

இளையவர் ஒருவரை இன்றே அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். முதல் இரண்டு மாதம் அண்ணன் செய்யட்டும், இவர் பார்க்கட்டும். அப்புறம் இடம் மாறட்டும்: இவர் செய்ய, அண்ணன் பார்க்க வேண்டும். அவர் எங்கே “ஐயோ, நிறுத்து” என்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் அங்கேதான் இருக்கிறது. கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும்: கடைசியாக கன்டெய்னர் மாட்டிக்கொண்டது எப்போது? முதலில் எதைப் பார்த்து சந்தேகப்பட்டீர்கள்? யாருக்கு போன் போட்டீர்கள்? பதிலை வாட்ஸ்அப் குரல் பதிவாக வாங்கினாலும் சரி, தமிழும் மலாயும் கலந்து பேசினாலும் சரி. அன்றைக்கே அரைப் பக்கமாக்கி, தேதி போட்டு, அண்ணன் பெயரையும் எழுதுங்கள்.

பெயர் முக்கியம். ஜெராக்ஸ் நிறுவனம் 1990களில் தன் பழுதுபார்ப்பவர்களின் நுணுக்கங்களைச் சேகரித்தபோது, ஒவ்வொரு குறிப்பையும் சக தொழிலாளிகளே சரிபார்த்தார்கள். சொன்னவர் பெயரும் கூடவே இருந்தது. 26 வருட உழைப்பை உருவிக்கொண்டு அனுப்புகிறார்கள் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டால் வாயே திறக்க மாட்டார், நானாக இருந்தாலும் அப்படித்தான். ஓய்வுக்குப் பிறகு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு ஆலோசகராக வரச் சொல்லலாம் என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். 60 என்பது மலேசியச் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயதுதான். அதற்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றில்லை.

இன்னொன்று. லாரி டிரைவர்கள், கப்பல் ஏஜென்ட்டுகள் எல்லாரிடமும் இருப்பது அவருடைய சொந்த நம்பராகத்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயரில் புது நம்பர் ஒன்று எடுத்து இந்த வாரமே அவரிடம் கொடுங்கள். “இனிமேல் இதில் கூப்பிடுங்க” என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.